ராணிக் கிரீடப் பொத்தான்

ஸாலிஹா, புளியும் அடுப்புச் சாம்பலும் தொட்டு, கோட்டிலிருந்த பித்தளைப் பொத்தானைக் கழற்றாமலே தேய்த்தாள். அக்கரப்பத்தனை கடைவீதியில் அவள் கணவன் லாபிர் பழைய ராணுவக் கோட்டுகள் விற்றான். கிழிந்ததைத் தைப்பது அவள்.

அழுக்கு விட்டதும் கிரீடம் தெரிந்தது. உச்சி நடுவில் குழிந்திருந்தது. இங்கிலாந்தில் ராணி பட்டத்துக்கு வந்தபின் செய்த பொத்தான். மற்ற நான்கிலும் உச்சி மேடாக இருந்தது. அவை ராஜா காலத்தவை.

எதிரே காளியாயி குந்தியிருந்தாள். கோட்டு, தேயிலைத் தோட்டத்துக் காவல்காரனான அவள் புருஷன் அழகுமுத்து லாபிரிடம் வாங்கியது. தோட்டத் துரையின் தொண்டர் படைக் கோட்டு காணாமல் போயிருந்தது. அதில் ராணிக் கிரீடப் பொத்தான்கள்.

“இந்த ஒத்தப் பொத்தானப் பாத்துட்டுக் கங்காணி அவரப் புடிச்சுக்கிட்டாரு அக்கா. நாளைக்குக் காலையில பேரு கூப்புடுற பெரட்டுல கோட்டோட வந்து நிக்கணுமாம். வேலைய விட்டு நிப்பாட்டிப் பத்துச் சீட்டுக் குடுத்துட்டா வேலையும் போச்சு, லயத்து வீடும் போச்சு.”

“இதத் தச்சது நான்தான் புள்ள.”

பொத்தான் குறைந்தால் பழைய பொத்தான் டப்பாவைக் கிளறி, அளவு ஒத்ததைத் தைப்பதுதான் அவள் வழக்கம். கிரீடத்தை யார் பார்த்தார்கள்?

லாபிர் எட்டிப் பார்த்தான். “ராஜா பொத்தான் ஒன்ன மாத்தித் தச்சுக் குடுங்களேன். கத முடிஞ்சிரும்.”

“கங்காணி கண்டுட்டார். இப்ப மாத்தினா கள்ளன்தான் மாத்தினான்னு ஆகிரும். நானே போறன்.”

“பெரட்டுல நின்னா கொழுந்துக் கூடையையும் மாட்டி மலைக்கு ஏத்திருவாங்க.”

“ஏத்தட்டும். ஒங்க கோட்டுக்கு நீங்களே பொத்தான் தைங்க.”

மறுநாள் விடியலில் பெரட்டுக் களத்தில், துரைக்கு முன்னால் அவள் கோட்டை விரித்தாள்.

“திருடின கோட்டுதான் துரை. நாலு பொத்தான மாத்திட்டான், ஒண்ண விட்டுட்டான்,” என்றார் கங்காணி சோலைமலை.

ஸாலிஹா ராஜா பொத்தான் ஒன்றைக் கத்தரித்தாள். அது இருந்த இடத்தில் பித்தளையின் பச்சைக் களிம்பு துணிக்குள் ஊறிப்போயிருந்தது.

“இது நேத்து மாத்தினதா, கங்காணியாரே? வருசக்கணக்குல மழையில நனஞ்சாத்தான் இப்படி ஊறும்.”

அடுத்து ராணிப் பொத்தானை வெட்டினாள். அடியில் ஒரு தோல் துண்டு இருந்தது. துணி கிழியாமலிருக்க அவள் எப்போதும் வைத்துத் தைப்பது. “இது மட்டும் நான் தச்சது,” என்று, கொண்டுவந்திருந்த பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தாள். அதே மாதிரி ராணிப் பொத்தான்கள் இன்னும் சில உருண்டன.

துரை ஒன்றைக் குனிந்து எடுத்துப் பார்த்தார். “கோட்டைப் போட்டுக்கோ,” என்றார் அழகுமுத்துவிடம்.

“பொறுங்க,” என்றாள் ஸாலிஹா. களத்து ஓரத்தில் உட்கார்ந்து, ராணிப் பொத்தானுக்குப் பதிலாக, கொட்டியவற்றில் ராஜா பொத்தான் ஒன்றைத் தேடி எடுத்தாள். கிரீடத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, அதையும் முதலில் வெட்டியதையும் தைத்து நூலைக் கடித்தாள்.