வேப்பெண்ணெய் வாசம் அடித்த டேங்க்

நான் பிக்கப் வாங்கியது என் கணவரின் அண்ணனுக்கு, எங்கள் குடும்பத்துப் பெரியவருக்கு, பிடிக்கவே இல்லை. எங்கள் ஊரான எலப்புள்ளியில் எங்கள் இரண்டு வீட்டுப் பாகற்காயையும் அதுவரை வாடகை டெம்போதான் கோயம்புத்தூர் சந்தைக்குக் கொண்டுபோகும். டெம்போக்காரர் வராத நாளில் காய் பழுத்துப் பல்லிளிக்கும். அதில் வெறுத்துப்போய்த்தான் லைசென்ஸ் எடுத்தேன், வண்டியும் எடுத்தேன். ஒரே ஒருநாள் சரக்கு சந்தைக்குப் போகாமல் நின்றாலும் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று பெரியவர் கறாராகச் சொல்லிவிட்டார். சந்தையில் ஒரு வியாபாரியிடம், வண்டி விலைக்கு வரும் என்று சொல்லியும் வைத்திருந்தார். அது தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரு வீம்பு.

இந்த வண்டியில் டீசல் டேங்க் போக, நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்று உண்டு. அதில் ஊற்றுவது யூரியா கரைத்த சுத்தமான தண்ணீர். அது எஞ்சினுக்குள் போவதில்லை. சைலன்சர் குழாயில் வருகிற சூடான புகைமேல் பொடிப்பொடியாகப் பீய்ச்சப்படும். சூட்டில் அமோனியாவாக மாறி, தேனடை மாதிரி துளைகள் உள்ள ஒரு பெட்டிக்குள் புகையின் நச்சை முறித்து, வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக வெளியே அனுப்பும். வண்டியோடு வந்த புத்தகத்தில் இதைப் படித்தபோது, பயிருக்குப் போடுகிற யூரியாமேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. இந்தத் தண்ணீர் குறைந்தால் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு எரியும். தீர்ந்தே போனால் வண்டியை நிறுத்திய பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

ஒருநாள் சாயங்காலம் அந்த விளக்கு எரிந்தது. வாளையாரில் லாரிக்காரர்கள் வாங்கும் கடையிலிருந்து ஒரு கேன் வாங்கி வரும்படி கணவரிடம் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் மூட்டைகளை ஏற்றிவிட்டு, நீல மூடியைத் திறந்து பார்த்தேன். குப்பென்று வேப்பெண்ணெய் வாசம்.

"ஏனுங்க, என்னத்த ஊத்துனீங்க?"

அவர் பெருமையாகவே சொன்னார். கேனில் இருப்பது யூரியாவும் தண்ணீரும்தானே, இரண்டும் நம்மிடம் இருக்கிறதே என்று, மூட்டை யூரியாவைப் போர்வெல் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டாராம். மருந்தடிக்கும்போது செய்வதுபோல, நாசில் அடைக்காமலிருக்க வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டினாராம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வயல் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கும். எங்கள் போர்த் தண்ணீரோ பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியவிடும். இரண்டும் அந்தத் தேனடைப் பெட்டிக்குள் போனால் அது அடைத்துப் பாழாகிவிடும்.

அதற்குள் பெரியவர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஓடுகிற வரைக்கும் ஓடட்டும், ஸ்டார்ட் பண்ணு என்றார். சாவிக்குக் கையையும் நீட்டினார். கணவரும் அவர் பக்கம்தான். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"சாவியத் திருப்புனாலே பம்பு அதை உறிஞ்சிருமுங்க மாமா. ரண்டு மணி நேரம் குடுங்க."

"பத்து மணிக்குச் சந்த கலைஞ்சிரும் அம்மிணி. அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது" என்றார்.

கணவரை பைக்கில் வாளையாருக்கு விரட்டினேன்: சீல் உடைக்காத கேன் ஒன்று, பாட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத சுத்தத் தண்ணீர் நாலு கேன். அவர் போய்வருவதற்குள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்தேன். டேங்கின் அடி போல்ட்டைக் கழற்றினேன். கணவரின் கைமருந்து முழுக்க அன்னக்கூடைப் பாத்திரத்தில் வடிந்தது. அதைக் கொண்டுபோய்த் தென்னைக்கு ஊற்றினேன். அவர் வந்ததும் பாட்டரித் தண்ணீரை விட்டு, வேப்பெண்ணெய் வாசம் துளிகூட இல்லாமல் போகும்வரை அலசினோம். புதுக் கேனைக் கவிழ்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் எடுத்துக்கொண்டது. ஆனால் விளக்கு அணையவில்லை. பெரியவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அன்றுதான் முதல்தடவையாக என் வண்டியில் ஏறினார். வழியெல்லாம் அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் அது அணைந்தது; புதுத் தண்ணீரை உணர வண்டிக்கு அவ்வளவு தூரம் ஓட வேண்டியிருந்தது போல. நான் ஹாரனை ஓங்கி அடித்தேன். முன்னால் போன சிமெண்ட் லாரிக்காரர் என்ன ஏதென்று தெரியாமல் ஒதுங்கி வழிவிட்டார். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஒன்பதரைக்குச் சந்தைக்குள் நுழைந்தோம். மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்த வியாபாரி வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, எப்போது கொடுக்கிறீர்கள் என்று பெரியவரிடம் கேட்டார்.

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டி அம்மிணியோடதுங்க. அதையே கேளுங்க."

வியாபாரி என் பக்கம் திரும்பினார். என் சேலையெல்லாம் கிரீஸ். சாவி இன்னும் என் கையில்தான் இருந்தது.

"விக்கறதில்லீங்க" என்றேன்.