பாலிக் புலாவ் வரை போய்வந்த குரல்

நண்பர்களே, இன்று பினாங்கு வீதி கிராமபோன் கடையில் என் காது ஒரு பாடகியைக் காப்பாற்றியது!

ராஜாம்பாள் பாடிய இரண்டு மாதிரி இசைத்தட்டுகள் கப்பலில் வந்திருந்தன. கேட்க அவரும் கணவரும் வந்திருந்தார்கள். ஒன்று பழைய ஒலிப்பதிவுக் குழாய்க்குள் பாடியது. மற்றது புது மைக் முன்னால்.

குழாய்த் தட்டு, தகர டப்பாவில் குலுக்கிய மிளகு. மைக் தட்டோ தேங்காய்ப் பால். அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஆனால் உச்ச ஸ்வரம் வந்ததும் குரல் தீவின் மறுகோடி பாலிக் புலாவ் வரை போய்த் திரும்பியது.

"இந்தம்மா குரல் மைக்குக்கு ஆகாது லா," என்றார் கம்பெனி ஏஜெண்டு. "இனிமே எங்களுக்கு எல்லாம் மைக்குதான். வேற ஆள் பாக்குறோம்."

ராஜாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னொரு தரம் வைங்க," என்றேன். இரண்டு மைலுக்கு அப்பால் பறக்கும் கொசு ஆணா பெண்ணா என்று சொல்லும் காது இது. குரல் விலகுவதற்குச் சற்று முன் வளையல் குலுங்கியது!

"யாரும்மா உங்க கையப் பிடிச்சது?"

அவர் கணவர் தலையைச் சொறிந்தார். "குழாயில உச்சத்துல பாடினா ஊசி துள்ளும்ணே. அப்பப் பின்னால இழுக்கிறது என் வேல. பழக்கத்துல மைக்குக்கும் இழுத்துட்டேன்."

ஏஜெண்டு சிரித்துவிட்டு, நாளை மறுபடி பாடச் சொன்னார். கணவர் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டுமாம்.

"அங்க நின்னு கண்ணாலயே இழுப்பாருண்ணே!" என்றார் ராஜாம்பாள்.

அவர் கையில் தம்புராவைக் கொடுத்து உள்ளேயே உட்கார வையுங்கள், கையும் கண்ணும் அதிலேயே இருக்கும் என்றேன். இதைவிட நல்ல யோசனை இருப்பவர்கள் விடிவதற்குள் சொல்லுங்கள்.