அமெரிக்காவில் தோற்றால் ஹட்டனில் திட்டு

அடுத்தவர் செய்த தப்புக்குத் திட்டு வாங்குவதற்குப் பெயர்தான் வாடிக்கையாளர் சேவை. அதிலும் தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு விளையாட்டு அணிக்காக அதைச் செய்தவர்கள் யாராவது இதை வாசித்தால், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் வருகிறேன்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஆறு பேர், ஆறு கம்ப்யூட்டர். அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் ரசிகர்கள் டிக்கெட், ஜெர்சி பற்றி எழுதிக் கேட்பார்கள். நாங்கள் எழுதிப் பதில் சொல்வோம். பெயர்தான் கால்பந்து. ஒருவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார், மற்றவர்கள் அவர் மேல் போய் விழுகிறார்கள். அவர்களுடைய ஞாயிறு ஆட்டத்தின் கோபம் எங்களுக்குத் திங்கள் காலையில் வந்து சேரும்.

எனக்கு அந்த வேலை பெரிசு. அம்மா நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே இரண்டு முழங்காலும் போனவள். மகள் எனக்கு வேலை கிடைத்த அன்றே, "இனி காலையில பெரட்டுக்குப் போகாதம்மா" என்று சொல்லி, விடியற்காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் அந்த வரிசையிலிருந்தே நிறுத்திவிட்டேன். ரசிகர்கள் அடுத்த சீசன் டிக்கெட் எடுக்காவிட்டால் எங்கள் ஆபீஸை மூடுவார்கள் என்பது தெரியும். அணி இப்படித் தோற்கும் என்பதுதான் தெரியாது.

முதல் திங்கள்

முதல் தோல்விக்கு மறுநாள் ஒரு ரசிகர் எழுதினார். நான்காவது முயற்சியில் பந்தை எதற்காக எதிரணிக்கு உதைத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டார். எனக்கு முதல் முயற்சியே என்னவென்று தெரியாது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, "வருந்துகிறோம். உங்கள் கருத்தை அணிக்குத் தெரிவிக்கிறோம்" என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. தமிழில் தருகிறேன், சூடு கொஞ்சம் ஆறியிருக்கும்: "தெரிவியுங்கள். பந்தைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதையும் சேர்த்துத் தெரிவியுங்கள்."

அர்ச்சனை

ஐந்து ஆட்டம் வரிசையாகப் போனதும் எங்கள் மேலாளர் செல்வா அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை எல்லோரையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்து மேசை நஸ்ரினா வெளியே நின்று எங்கள் செருப்புக்குக் காவல் இருந்தாள். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, பேர், நட்சத்திரம், ராசி கேட்டார். அணியின் பேரைச் சொல்லிவிட்டோம். நட்சத்திரத்துக்கு எங்கே போவது? பின்னால் ஆட்கள் நிற்கிறார்களே என்ற அவசரத்தில் செல்வா அண்ணன் தன் நட்சத்திரத்தையும் ராசியையும் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை அணி வழக்கம்போல் தோற்றிருந்தது. புதன்கிழமை செல்வா அண்ணனுக்குக் கொழும்பு தலைமை ஆபீசுக்குப் பதவி உயர்வோடு மாற்றம் வந்தது. எங்களுக்காகப் பேச இருந்த ஒரே ஆளும் போகிறார். நஸ்ரினாதான் சொன்னாள்: "அண்ணே, அமெரிக்காவுக்கு அனுப்புன அர்ச்சனை உங்க வீட்டு வாசல்லயே எறங்கிருச்சுங்க."

வயதான ஒருவர்

நவம்பரில் ஒரு முதியவர் எழுதினார். பக்கத்துப் பக்கத்து இருக்கை இரண்டு, பல வருஷமாக அவரும் மனைவியும். மனைவி போன வாரம் இறந்துவிட்டார், இரண்டையும் ரத்துச் செய்ய வேண்டும் என்றார். செய்துகொடுத்தேன். கடைசியில் நாங்கள் கட்டாயம் ஒரு வரி போட வேண்டும்: "நன்றி, மீண்டும் வாருங்கள்." எனக்குக் கை வரவில்லை. சாவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று யார் சொல்வார்கள்? எங்கள் தோட்டத்து லய வீடுகளில் எப்படி எழுந்து வருவோமோ, அப்படியே ஒன்றும் சொல்லாமல் உரையாடலை மூடினேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

அந்தக் கடைசி வரியைப் போடாததற்கு மேலிடத்தில் எனக்குப் புள்ளி குறைத்தார்கள். அது பரவாயில்லை. அவர் கருத்துப் பெட்டியில் எழுதியிருந்ததுதான் இன்றைக்கும் வலிக்கிறது: "இந்த வருஷம் எல்லோரும் பாதியில் எழுந்து போகிறார்கள். நீங்களுமா?"

கடைசித் திங்கள்

கடைசி ஆட்டமும் போனது. அந்தத் திங்கட்கிழமையே கொழும்பிலிருந்து செல்வா அண்ணன் போன் எடுத்தார். ரசிகர்கள் டிக்கெட் எடுக்கவில்லை, மாத முடிவோடு ஹட்டன் ஆபீஸ் இல்லை என்றார். நஸ்ரினா தன் கீபோர்டைத் துணியால் துடைத்து, யாரும் சொல்லாவிட்டாலும், ஒழுங்காக உறை போட்டு மூடிவைத்தாள்.

அம்மாவிடம் நான் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். நேரே போய், தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவைப் பார்த்துப் பேரைத் திரும்பவும் பதிந்துவிட்டு வந்தாள். அடுத்த நாள் காலை, கொழுந்துக்குப் போக இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பயலுகளுக்கெல்லாம் வேல போயிருச்சாடி?"

"இல்லம்மா. அடுத்த வருசமும் அவங்கதான் வெளையாடுவாங்க."

"அப்ப தோத்தது யாருடி?"

கூடையை எடுத்துக்கொண்டு, முழங்காலை ஒரு கையால் பிடித்தபடி படி இறங்கினாள்.

முன்பின் தெரியாத ஆட்களிடம் ஒரு சீசன் முழுக்க மன்னிப்புக் கேட்டுச் சம்பளம் வாங்கியவள் நான். கேட்டே ஆக வேண்டிய ஒருத்தியிடம் மட்டும் அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.