மறுமுனையில் ஆடிய ஸ்குரூ

நான் கட்டிய மெஷினுக்கு அகலவாட்டில் ஒரு குறையும் இல்லை. நீளவாட்டில்தான் தகராறு.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்திருந்தேன். மரத்தில் பூவேலை செதுக்கும் சி.என்.சி. மெஷினை அங்கே நானே கட்டினேன். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் கத்தி தானாக ஓடிச் செதுக்கும். கடையில் விற்பதை வாங்க எனக்கு வழியில்லை. சட்டம், மோட்டார், தண்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். கல்வராயன் மலையில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மெக்கானிக்கலில் டிப்ளமா வாங்கியிருக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

கதவும் நிலையும் செய்கிற பட்டறைக்காரர் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "ஏழடி கதவ திருப்பிப் போடாம ஒரே ஓட்டத்துல செதுக்கிக் காட்டும்மா. அப்பறம் என் வேல பூரா உனுக்குத்தான்." அடுத்த வாரம் திங்கட்கிழமை வருவதாகப் பேச்சு. ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து வேலையில் சேரச் சொல்லிக் கடிதமும் வந்திருந்தது. அதற்குப் பதில் சொல்லக் கடைசி நாளும் அதே திங்கள்தான். மெஷின் ஓடினால் இங்கே இருப்பேன். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஏழடிக் கதவுக்கு எட்டடி ஸ்குரூ வேண்டும். கட்டைவிரல் தடிமனில் மரை போட்ட இரும்புத் தண்டு. ஒரு முனையில் மோட்டார் அதைச் சுற்றும். தண்டில் கோத்த நட்டு நகரும், நட்டோடு கத்தியும் நகரும். மெதுவாகச் சுற்றும்வரை தண்டு சாதுவாக இருந்தது. வேகத்தைக் கூட்டியதும் நடுவில் வயிறு தள்ளி வீசி அடித்தது. சட்டம் முழுக்க அதிர்ந்தது. செதுக்கிய பூங்கொடி, தண்ணீரில் விழுந்த நிழல் மாதிரி நெளிந்து வந்தது.

பட்டறையிலிருந்து பலகை கொண்டுவந்த தச்சர் வாசலிலேயே நின்று பார்த்தார்.

"இன்னாம்மா, ஸ்கிப்பிங் ஆடிக்கினு இருக்குது உன் மெஷினு?"

"சரி பண்ணிடுவங்க."

"சீக்கிரம் பண்ணு. கவுறு அறுந்து மேல வுழுந்துடப் போவுது."

வேகத்தைக் குறைத்து ஓட்டலாமே என்று தோன்றும். குறைத்தால் கத்தி மரத்தை வெட்டாமல் தேய்க்கும், மரம் கருகும். கருகின கதவை யார் வாங்குவார்கள்?

நான் கணக்குப் போடாமல் இதில் இறங்கவில்லை. தண்டின் நீளம் இரண்டு மடங்கானால் அது தாங்கும் வேகம் கால் பங்காகிவிடும். அதற்குத்தான் தடிமனைக் கூட்டியிருந்தேன். முனைகளைப் பிடிக்கும் விதமும் முக்கியம். இரண்டு முனையையும் அசையாமல் இறுக்கிப் பிடித்தால், சும்மா தாங்கிப் பிடிப்பதைவிட இரண்டு பங்குக்கும் மேல் வேகம் தாங்கும். நோட்டில் ‘இறுக்கிப் பிடித்தது’ என்று எழுதித்தான் விடை கண்டேன். மெஷினோ அதில் பாதி வேகத்தைத் தொடும் முன்பே ஆடத் தொடங்கியது.

தண்டு வளைந்திருக்குமோ என்று கழற்றி, கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தேன். நேராக இருந்தது. மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கை மாற்றினேன். எதுவும் மாறவில்லை. யாரிடம் கேட்பது? லேத் பட்டறை அண்ணன் ஒருவர்தான் பேச்சுக்கு இருந்தார். அவர் மெஷினைப் பார்த்துவிட்டு எதையோ சொல்ல வந்தபோது, "கணக்கு கரெக்டா இருக்குதுண்ணா" என்று நான் அவர் வாயை அடைத்துவிட்டேன்.

அந்தத் திங்களுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா போன் செய்தாள். எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்காது. மேட்டு ரோட்டுக்கு ஏறிவந்து பேசுவாள். பின்னால் காற்று இரைந்தது.

"மெஷினு ஓடுதா?"

"ஓடுதும்மா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

இரண்டும் பொய். ஸ்குரூ ஆடுகிறது என்று சொல்லியிருந்தால், நான் ஏறி நிற்கும் ஏதோ ஆடுவதாக நினைத்து, கீழே விழுந்துவிடாதே என்றுதான் சொல்லியிருப்பாள். என் கவலையை அவளுக்குப் புரியவைக்கும் சொல் என்னிடம் இல்லை. போன் வைத்த பிறகுதான் இது உறைத்தது.

கம்ப்யூட்டர் மோட்டார் பக்கம் இருந்தது. நான் அங்கே நின்றால்தான் மெஷினை ஓட்டவும் நிறுத்தவும் முடியும். மறுமுனையில் நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லை. இத்தனை நாளும் நான் பார்த்ததெல்லாம் தண்டின் நடுவயிற்றைத்தான். அன்று மறுமுனை எதிரே ஒரு செங்கலில் போனைச் சாய்த்து, வீடியோவைப் போட்டுவிட்டு வந்து மெஷினை ஓட்டினேன்.

வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் கண்ணில் பட்டது. தண்டின் முனையைத் தாங்கும் இரும்புக் கூடு அசையவில்லை. அதற்குள் தண்டைச் சுற்றவிடும் பேரிங் மட்டும், ஆமாம் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

பேரிங்கும் கூடும் சேர்ந்த அந்தச் சாமானுக்குப் பெயர் பிளம்மர் பிளாக். கள்ளக்குறிச்சியில் எந்த உதிரிபாகக் கடையில் பேரிங் கேட்டாலும் அதைத்தான் எடுத்து வைப்பார்கள். மக்காச்சோளம் உதிர்க்கும் மெஷின், கரும்பு ஆட்டும் மெஷின் எல்லாவற்றிலும் அதுதான். அவற்றின் சட்டம் கோணலாக இருந்தாலும் தண்டு சிக்காமல் சுற்ற வேண்டும் என்பதால், கூட்டுக்குள் பேரிங் தானே சாய்ந்துகொடுக்கும்படி உருண்டையாகச் செய்திருப்பார்கள். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நான்கு போல்ட்டையும் பல்லைக் கடித்து முடுக்கியதால், முனையை இறுக்கிவிட்டதாக நான்தான் நினைத்துக்கொண்டேன். மோட்டார் பக்கமும் அதே பிளாக்தான்; உண்மையில் இரண்டு முனையையும் கீலில் மாட்டி வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிச் சேலம் போய், நீளவாட்டு இழுப்பையும் தாங்கும் பேரிங் நான்கு வாங்கிவந்தேன். முனைக்கு இரண்டு. அவற்றை முதுகோடு முதுகு சேர்த்து உட்காரவைக்க, கெட்டியான இரும்புக் கட்டையைக் குடைய வேண்டும். லேத் பட்டறைக்குப் போனேன்.

"இன்னாம்மா, கணக்கு கரெக்டுன்னு சொன்ன?"

"கணக்கு கரெக்டுதாண்ணா. மெஷினுதான் வேற."

அவர் சிரித்தார். வேலையை நிறுத்தாமலே, "அந்த பிளாக்க பாத்தப்பவே சொல்லலான்னுதான் இருந்தேன். நீ படிச்ச பொண்ணு, தெரிஞ்சிதான் போட்டிருப்பன்னு வுட்டுட்டேன்" என்றார்.

அவர் குடைந்து தந்த கட்டைகளோடு அந்த வார்த்தையையும் சுமந்துகொண்டு கொட்டகைக்குத் திரும்பினேன்.

புதுக் கட்டைகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்தவே இரண்டு நாள் ஆனது. கோட்டில் மயிரிழை தவறினாலும் இறுக்கும்போது தண்டு வளையும். பிறகு மறுமுனை நட்டைக் கொஞ்சம் முடுக்கி, தண்டை லேசாக இழுத்துப் பிடிக்கவைத்தேன். ஓட்டும்போது கணக்கு சொன்ன வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டே ஓட்டினேன். வயிறு தள்ளவில்லை.

திங்கட்கிழமை பட்டறைக்காரர் தச்சரோடு வந்தார். பத்து மணிக்கு ஓட ஆரம்பித்த கத்தி, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி நின்றது. அவர் கதவின் தலையிலிருந்து கால்வரை உள்ளங்கையை ஓட்டினார். இன்னொரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு.

"நெளிவே இல்லியே. நாளிக்கி நாலு பலக அனுப்பறேன்."

"கவுறு கட்டிப் போட்டுட்டியா?" என்றார் தச்சர்.

"ரெண்டு பக்கமும் கட்டிட்டேங்க."

அவர்கள் போன பிறகு, வேலையில் சேரவில்லை என்று கம்பெனிக்கு எழுதி அனுப்பினேன். டிப்ளமாவில் என்னோடு படித்து அதே கம்பெனியில் இருக்கும் தோழிக்குப் போன் செய்தேன். கதவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"அப்ப நீ வரமாட்டியா?"

"வரலடி."

"ஹாஸ்டல்ல உனுக்குன்னு ஜன்னலோரம் ஒரு கட்டில் புடிச்சி வெச்சிருந்தேன். வேற பொண்ணு கேட்டுக்கினே இருக்குது. குடுத்துடட்டா?"

"குடுத்துடு."

ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்திருப்பார்கள் போல. அவள் பின்னால் நாலைந்து பெண்கள் எதற்கோ சிரித்தார்கள். எதற்கு என்று நான் கேட்பதற்குள், அவளும் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.