மச்சான் பேசி முடித்த பிக்கப்

பிக்கப்பை வாங்காமல் காரவனை முதலில் வாங்கியதுதான் பிழை என்று சிலர் சொல்கிறார்கள். விசர்க்கதை. பிழை அங்கே இல்லை.

என் மனைவி இங்கே சுவிஸில் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகைத் தொலைத்தவள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் பிறகு படுத்தேயாக வேண்டும். இத்தாலிக்குப் போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஒன்றே ஒன்றுதான் என்னிடம் கேட்டாள். போவதென்றால் இந்தக் கோடையிலேயே போய்விடுங்கள், பிறகு ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வழியில் நிறுத்தி நிறுத்திப் படுக்கவைக்கத்தான் காரவன், காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற வீட்டு வண்டி. என்னோடு வேலை செய்யும் சுவிஸ்காரன் விற்றான். பழையது, பாரமானது, ஆனால் கட்டில் நல்லது.

எங்கள் சின்னக் கார் அதை அசைக்கவும் மாட்டாது. நான் களஞ்சியத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். பாரம் பார்க்காமல் எதையும் தூக்கியதில்லை. டீசல் வண்டி, நாலு சில்லும் இழுக்க வேண்டும், அரிசி, காஸ், தண்ணீர் என்று எல்லாம் ஏற்றிய காரவனைவிடக் கூடிய பாரத்தை இழுக்க அனுமதி இருக்க வேண்டும். நான் தேடியது இவ்வளவுதான்.

அதற்குள் மனைவியின் தம்பி புகுந்தான். கோயிலில் பழக்கமான ஒருவரின் பிக்கப்பை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பேசி முடித்துக் கொண்டுவந்து நிறுத்தினான். பளபளக்கும் கறுப்பு. நான் குனிந்து, பின்கொளுக்கியின் தகட்டில் எழுதியிருந்த, இழுக்கக்கூடிய எடையைப் பார்த்தேன். காணாது, காரவனின் பாரம் அதைவிடக் கூட.

“மச்சான், இது எங்கட காரவனை இழுக்காது.”

“அத்தான், இது யானை. நான் வாக்குக் குடுத்திட்டன். இனி வேண்டாமெண்டால் கோயிலுக்குள்ள என்னெண்டு தலை காட்டுறது?”

அவன் தலைக்காக நான் ஏன் வண்டி வாங்க வேண்டும்? முடியாது என்றேன். மனைவி படுத்தபடியே கூப்பிட்டாள்.

“எனக்கெண்டு இருக்கிறது அவன் ஒருத்தன். முகத்தை முறிக்காதேங்கோ.”

வாங்கினேன்.

திரிம்பாக் கோயிலில் பூசை செய்து, சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்தோம். மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, சாமான் ஏற்றிய காரவனைப் பின்னால் பூட்டி ஹவுவன்ஸ்டைன் மலை ஏற்றத்தில் ஓடிப்பார்த்தோம். பாதி ஏற்றத்தில் கருகல் மணம் வந்தது. பிறகு வண்டி நின்றுவிட்டது. பின்னால் கார்கள் வரிசையாக நின்று ஹோர்ன் அடித்தன.

“நீங்கள் கியரைப் பிழையாப் போட்டிட்டீங்கள், அத்தான்.”

நான் இறங்கிச் சில்லுகளுக்குக் கல் வைத்தேன். கை சும்மா இருந்திருந்தால் அவனை அந்த ஏற்றத்திலேயே உருட்டிவிட்டிருப்பேன்.

கியர்பெட்டி முடிந்தது, திருத்திப் பிரயோசனமில்லை என்று கராஜ்காரன் சொன்னான். விற்றவர் இப்போது கோயிலில் என்னைக் கண்டால் சாமியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொள்கிறார்.

கோடை போய்விட்டது. காரவன் எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கட்டில் நல்லது என்பதால் பின்னேரங்களில் மனைவி அங்கே போய்ப் படுக்கிறாள். இப்போது அதன் படி ஏறவும் நான்தான் பிடிக்க வேண்டும்.

நேற்றும் ஏற்றிவிட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்:

“தம்பி இன்னொரு பிக்கப் பாத்திருக்கிறானாம். வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ.”