கைலிக்கு மேலே அளக்காதீங்க

நன்றாக நடமாடுகிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்களுக்கு நோய் இருக்கிறது" என்று சொல்லித் திட்டு வாங்குவதுதான் எங்கள் தொழில். இன்ச் டேப்போடு ஊர் ஊராக அலைந்த சக நர்ஸம்மாக்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

இடுப்பு எங்கே?

சுனாமிக்கு அப்புறம் கிளிஞ்சல்மேட்டில் செக்கப் முகாம். ஃபைபர் படகு வைத்து மீன் பிடிக்கிற கலியபெருமாள் முதல் ஆளாக வந்தார். தொப்புளுக்கு நேராக டேப்பைச் சுற்றினேன். அவர் அதைத் தொப்பைக்குக் கீழே இறக்கிவிட்டார்.

"கைலி நிக்கிற எடந்தாங்க இடுப்பு. அதுக்கு மேல இருக்கறது வயிறு, அத ஏன் அளக்குறீங்க?"

வெறும் வயிறு

மறுநாள் சாப்பிடாமல் வரச் சொன்னேன், ரத்தம் எடுக்க. கடலிலிருந்து நேராக வந்தார். ஒன்றும் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்யாத குறை. ஊசியைக் குத்தப் போகும்போது அவர் மனைவி செல்வி குறுக்கிட்டாள்.

"டீயும் ரெண்டு வடையுந்தான் நர்ஸம்மா. சோறு தின்னாத்தானே சாப்பாடு?"

இறங்காத பிரஷர்

இன்னொரு நாள் எடுத்த ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் கூடுதல். பிரஷர் ஏற்கெனவே கூடுதல். தொப்பையும் சேர்ந்துகொண்டால், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான் என்றேன். அவரோடு கடலுக்குப் போகிற நாலு பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் தொப்பை, சோதனைக்கு மட்டும் வரமாட்டார்கள். "உங்களுக்கும் இதே கதிதான்" என்று பயமுறுத்தினேன்.

கலியபெருமாள் மாதாமாதம் தவறாமல் வந்து மாத்திரை வாங்கினார். எதுவுமே இறங்கவில்லை. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், இவரு மாத்திரைய முழுங்குறாரா, மீனுக்குப் போடுறாரா?"

பங்கு

ஒரு நாள் நடுக்கடலில் வலை இழுக்கும்போது கலியபெருமாள் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் கண்ணில் நீர் வழிந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

வெளியே அந்த நாலு பேரும் நின்றிருந்தார்கள். அவர்களில் மாரி சட்டைப் பையிலிருந்து கத்தரியால் நறுக்கிய மாத்திரை அட்டைத் துண்டு ஒன்றை எடுத்தான். மற்ற மூவரிடமும் அதே மாதிரி துண்டு. பிடித்த மீனைப் படகில் போனவர்களுக்கெல்லாம் பிரிப்பதுபோலவே, நான் கொடுத்த மாத்திரையையும் கலியபெருமாள் மாதாமாதம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

"எங்களுக்கும் வரும்னு நீங்கதான சொன்னீங்க? தான் மட்டும் பொழைக்கிறது நல்லால்லன்னு அண்ணந்தான் பங்கு வெச்சாரு."

ஆற்றாமையில் அந்த நாலு பேரையும் அங்கேயே நிற்கவைத்து இடுப்பை அளந்தேன். ஒருவர் விடாமல் டேப்பைக் கைலிக்கு இறக்கிவிட்டார்கள்.