நர்சம்மா ஓடுகிறாள்

1985 நவம்பரில் ஒரு மழை மதியம், நர்ஸ் அற்புதம் பிரசவம் பார்க்கப் போகும் வழியில் மூன்று இடங்களில் உட்கார்ந்தாள். முதல் தடவை செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல உட்கார்ந்தாள். இரண்டாவது தடவை குடையை மடக்கி விரிக்க. மூன்றாவது தடவை காரணம் எதுவும் தேடத் தோன்றவில்லை. பாதையோரப் பாறையில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். கூப்பிட வந்த ஆள் சற்றுத் தள்ளி நின்று, அவளைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேட்டுக் குடியிருப்பை அடைந்தபோது குழந்தை பிறந்துவிட்டிருந்தது. தோட்டத்து வேலையிலிருந்து மழையில் நடந்து வந்திருந்த பக்கத்து வீட்டுக் காவேரி அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. அற்புதத்துக்குக் கை கழுவ நேரமில்லை. ஸ்பிரிட்டை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். பிறகு கம்பளியைக் கழியில் கட்டித் தாயை ரோட்டுக்கு இறக்கி, எஸ்டேட் ஜீப்பில் ஏற்றினார்கள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் பிழைத்ததில் தன் பங்கு குறைவு என்பது அற்புதத்துக்குத் தெரிந்திருந்தது.

அறிக்கையில் தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. மலையில் வேலை பார்க்கிறவர்கள் அதில் எழுதுவது ஒரே சொல்தான்: மழை. அன்று மழையும் பெய்தது. அவள் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுதினாள்: மழை காரணம் அல்ல. எனக்கு மூச்சு போதவில்லை. எடை 86 கிலோ.

இதைப் பெரிய நேர்மை என்று கொண்டாட வேண்டியதில்லை. அன்றைக்கு வேறு எதையும் எழுத அவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஏற்காட்டில் டாக்டர் ராஜேந்திரன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஏழு வருஷமாக அவளுடைய மேலதிகாரி.

"மழைன்னு எழுதியிருந்தா நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன், அற்புதம்."

"அதே மழையிலதான் காவேரி நடந்து எனக்கு முன்னால போயிருந்தாங்க, சார்."

"இப்ப எழுத்துல வந்துடுச்சு. மலை வேலைக்கு உடம்பு ஒத்து வரலைன்னா கீழ மாத்தணும். ஜூன்ல லிஸ்ட் போகும். அதுவரைக்கும் இந்தப் பேப்பர் என் டிராயர்ல இருக்கும்."

"கீழ என்ன வேலைங்க சார்?"

"உக்காந்து பாக்கற வேலைதான். ஊசி போடறது, கார்டு எழுதறது. உங்களுக்கும் நல்லது."

அவர் அதை அன்பாகவே சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகம் உறைத்தது.

கணவன் நல்லமுத்து எஸ்டேட் லாரி ஓட்டுகிறவன். "கீழ போறதுன்னா போலாம். நானும் சேலத்துல ஒரு வண்டி பாத்துக்கறேன்" என்றான். ஆக, போவதற்குத் தடை எதுவும் இல்லை. சேலத்துக்காரிதான் அவள், சொந்தக்காரர்கள் எல்லாரும் கீழேதான் இருந்தார்கள். போவதென்றால் போகலாம். ஆனால் அந்த நவம்பர் மதியத்தைக் கடைசியாக வைத்துவிட்டுப் போக அவளால் முடியவில்லை. பன்னிரண்டு வருஷ மலை வேலைக்கு முடிவாக அந்தப் பாறை நிற்பதை அவள் விரும்பவில்லை.

எடை ஏறிய கதை எளிது. மலையில் நர்ஸ் ஒரு வீட்டில் எதையும் வாங்கிக் குடிக்காமல் எழுந்தால், அந்த வீட்டை அவள் மட்டமாக நினைக்கிறாள் என்று பொருள். வந்த புதிதில் ஒரு வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுமாதம் அந்தக் குடியிருப்பில் ஒரு குழந்தைக்கும் ஊசி போட முடியாமல் திரும்பியிருக்கிறாள். அதிலிருந்து எதையும் மறுத்ததில்லை. ஒரு நாளைக்குப் பத்து வீடு, பத்து டம்ளர் வெல்லக் காப்பி, கூடவே பலாச்சுளையோ களியோ. பன்னிரண்டு வருஷம் அவள் சுமந்தது அந்த வீடுகளின் மரியாதையை. அதை இறக்கி வைக்க வழி தேட வேண்டியிருந்தது. கடைசியில் வழி சாதாரணமாகவே கிடைத்தது: "வெல்லம் போடாம அரை டம்ளர் குடுங்க, சர்க்கரை இருக்குது" என்று சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்குச் சர்க்கரை நோய் இல்லை. அறிக்கையில் பொய் எழுத வராதவளுக்கு இந்தப் பொய் மட்டும் தடையில்லாமல் வந்தது, மனிதர்கள் அப்படித்தான்.

டிசம்பரில் ஓட ஆரம்பித்தாள். நல்லமுத்து சேலத்திலிருந்து கான்வாஸ் ஷூ வாங்கி வந்தான். பெண்கள் அளவில் கிடைக்காமல், பள்ளிக்கூடப் பையன்கள் போடுகிற பழுப்பு நிற ஷூ. சேலையைத் தூக்கிச் செருகி, ஊக்குக் குத்தி, அதற்கு மேல் அவனுடைய பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, பனி விலகுவதற்கு முன் நாகலூர் ரோட்டில் இறங்கினாள். முதல் நாள் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே உள்ள தூரம் ஓடினாள். அதற்குள் நெஞ்சு கட்டிக்கொண்டது.

இரண்டாம் நாள்தான் சிக்கல் வந்தது. காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற இடத்தை அவள் கடந்தாள். மலையில் நர்ஸ் ஓடுகிறாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம். நாலு பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் காவேரி.

"ஏனுங்க நர்சம்மா, எந்த ஊட்லங்க? தண்ணி காய வெக்கச் சொல்லோணுமா?"

அற்புதம் நின்றாள். பேச மூச்சில்லை. கையை மட்டும் ஆட்டினாள்.

"ஆருக்குன்னு சொல்லுங்க. பெரியவன் பொண்டாட்டிக்கா? அவளுக்கு இன்னும் மாசம் ஆவலியே."

"யாருக்கும் இல்ல காவேரி. சும்மா ஓடறேன்."

காவேரி அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஷூவில் பார்வை நின்றது. "சும்மாவுங்களா? சும்மா ஆராச்சும் ஓடுவாங்களா? இந்த மலையில சும்மா நடக்கறதே நொம்பக் கஷ்டம்."

"எடை குறையறதுக்கு."

"அதுக்கு எங்ககூட மூட்டை தூக்க வாங்க. கூலியும் குடுப்பாங்க."

பெண்கள் சிரித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஆனாலும் ஒரு வாரம் வரை, அவள் ஓடும்போதெல்லாம் யாராவது ஒருத்தி வேலையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காவேரியே ஒரு அடையாளம் கண்டுபிடித்துச் சொன்னாள்: கையில் பை இருந்தால் பிரசவம், பை இல்லாவிட்டால் பைத்தியம்.

பொங்கலுக்குள் நாலு கிலோ குறைந்தது. பிறகு ஒரு மாதம் ஒன்றும் குறையவில்லை. உடம்பு ஒரு பழைய குடித்தனக்காரரைப்போல இருந்த இடத்தை விட்டு நகர மறுத்தது. அந்த மாதம்தான் அவள் உண்மையில் ஓடக் கற்றுக்கொண்டாள் என்று சொல்லலாம். எடை பார்க்கும் மேடையில் ஏறுவதை விட்டுவிட்டாள், மின்கம்பங்களையும் எண்ணவில்லை. மார்ச் மாதத்தில் ஒரு காலை, சவுக்கு மரத்துத் திருப்பத்தைக் கடந்த பிறகுதான், வழக்கமாக நிற்கும் இடத்தில் இன்று நிற்கவில்லை என்பதை உணர்ந்தாள். மகிழ்ச்சி என்று அதைச் சொல்ல அவளுக்குத் தயக்கமாக இருந்தது. ஏதோ ஒன்று அவளிடம் கேட்காமலே நடந்திருந்தது.

மே மாதக் கோடை விழாவில் நாகலூர் ரோட்டிலிருந்து ஏரிக்கரை வரை ஐந்து கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். முதலுதவிக்கு டாக்டர் ராஜேந்திரன் நிற்பார் என்றும் அதில் போட்டிருந்தது. அற்புதம் பெயர் கொடுத்துவிட்டு அவரிடம் போய்ச் சொன்னாள். அப்போது எடை 75.

அவர் சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். "சரி. எங்கயும் நிக்காம நாப்பது நிமிஷத்துக்குள்ள ஏரிக்கு வந்துடுங்க. அந்தப் பேப்பரைக் கிழிச்சிடறேன்."

பந்தயத்தில் பெண்கள் பதினொரு பேர். ஒன்பது பேர் பள்ளி மாணவிகள், ஒருவர் உடற்பயிற்சி ஆசிரியை. பதினொன்றாவது ஆள், நாற்பத்தொரு வயதில், சேலையில், பழுப்பு ஷூவில். விசில் ஊதியதும் மாணவிகள் பறந்தார்கள். அற்புதம் தன் வேகத்தில் போனாள். இரண்டாவது கிலோமீட்டரில் மெலிந்த சிறுமி ஒருத்தி விலாவைப் பிடித்துக்கொண்டு நடக்க, அவளைக் கடந்தாள். மூச்சு கையில் இருந்தது. நாற்பதுக்குள் போய்விடலாம் என்று முதல் முறையாக நம்பினாள்.

மூன்றாவது வளைவில் ரோடு ஒரு பெரிய வட்டமடித்து மேலேறுகிறது. வட்டத்தின் தொடக்கத்தில், காப்பித் தோட்டத்துக்குள் கல் படிகளாக ஒரு குறுக்குப்பாதை செங்குத்தாக ஏறி, மேலே மறுபடி ரோட்டைச் சேர்கிறது. மலையில் நடக்கிற ஒருவரும் வளைவைச் சுற்றுவதில்லை. ரோடு பஸ்ஸுக்கு, படி ஆட்களுக்கு. பன்னிரண்டு வருஷமாகக் கேஸுக்குப் போகும்போதெல்லாம் அற்புதம் ஏறியது அந்தப் படிகளில்தான். டிசம்பரிலிருந்து ஓடிப் பழகியதும் அவற்றில்தான். அன்றும் கால்கள் அவளிடம் கேட்கவில்லை. படியேறி, கிளைகளை விலக்கி, மேலே ரோட்டில் கால் வைத்தாள்.

ரோடு காலியாக இருந்தது. எல்லாரும் வெகுதூரம் போய்விட்டார்கள் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினாள். அப்போது பின்னாலிருந்து காலடிச் சத்தம். தனக்கு முன்னால் போயிருந்த இரண்டு மாணவிகள் வளைவைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, நீங்க எங்களுக்குப் பின்னாடிதான வந்தீங்க?" என்று ஒருத்தி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கடந்து போனாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த இடத்தில் கண்காணிக்க ஒருவரும் இல்லை. அவள் பரிசுக்கு ஓடவும் இல்லை. யாருடைய இடமும் அவளால் பறிபோகாது. டாக்டர் சொன்னது நிற்கக்கூடாது என்றுதான். எந்த வழி என்று அவர் சொல்லவில்லை. இத்தனையும் உண்மை. இத்தனை உண்மைகளும் சேர்ந்து அவளுக்கு நவம்பர் மாதத்து அந்தக் கட்டத்தை நினைவூட்டின. அன்றைக்கு மழை பெய்ததும் உண்மைதான்.

திரும்பினாள். படியில் இறங்குவது ஏறுவதைவிட மோசம், முழங்கால் அதிர்ந்தது. கீழே ரோட்டில் வந்து சேர்ந்தபோது, முன்பு கடந்து வந்த மெலிந்த சிறுமி நிதானமாக ஓடிப் போய்க்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்க வளைவில் நின்ற கூட்டத்தில் காவேரி இருந்தாள். நர்சம்மா ஒரு முறை படியேறிப் போய், இப்போது அதே படியில் இறங்கி ஓடி வருவதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஏனுங்க, ஏரி அந்தப் பக்கமுங்க. இந்தப் பக்கம் ஆருக்குங்க?"

"யாருக்கும் இல்ல. வளைவை உட்டுட்டேன்."

"உட்டாப் போவுது, ஒரு வளைவுதானுங்க" என்றாள் காவேரி. அற்புதம் அதற்குள் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வட்டத்தை அவள் காலால் அளந்தது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் ஒரு நிமிஷம்கூட ஆகாது. அன்று அது முடிகிறாப்போலத் தெரியவில்லை. நாற்பது நிமிஷம் கைவிட்டுப் போனது தெரிந்தது. அது போன பிறகு, நிற்காமல் இருப்பது ஒன்றுதான் மிச்சம். அதையாவது வைத்துக்கொள்வோம் என்று ஓடினாள்.

ஏரிக்கரையில் ரிப்பனைக் கழற்றிவிட்டிருந்தார்கள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாப்பத்தாறு" என்றார்.

"ஒரு வளைவுல குறுக்குப்பாதைல ஏறிட்டேன், சார். திரும்ப எறங்கி, சுத்தி வந்தேன்."

அவர் நாடியைப் பிடித்து ஒரு முழு நிமிஷம் எண்ணினார். மூன்று நிமிஷம் கழித்து மறுபடி எண்ணினார். "அந்தப் படியில ஏறி, எறங்கி, அப்புறம் ரோட்டுலயும் ஏறினீங்களா?"

"ஆமாங்க சார்."

"எங்கயாவது உக்காந்தீங்களா?"

"இல்லைங்க."

"நான் நாப்பதுன்னுதான் சொன்னேன்."

"தெரியுங்க சார்."

அவர் ஒரு எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். அவள் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லாமல் குடித்தாள்.

ஜூனில் போன லிஸ்டில் அவள் பெயர் இல்லை. பேப்பரை அவர் கிழிக்கவும் இல்லை. அவள் எழுதிய வரிக்குக் கீழே, 'டிசம்பரில் மீண்டும் பார்க்க' என்று சிவப்பு மையில் எழுதி, டிராயரிலேயே வைத்துவிட்டார். அற்புதத்துக்கு அது நியாயமாகப் பட்டது. தன் கையால் எழுதியதை இன்னொருவர் ஒரே நாளில் இல்லை என்று ஆக்கியிருந்தால், அவளுக்கே அதில் நம்பிக்கை வந்திருக்காது.

ஜூலையில் ஒரு நாள், மூடுபனியில், மேட்டுக் குடியிருப்பிலிருந்து ஆள் வந்தது. தலைப்பிரசவம், வலி எடுத்து இரண்டு மணி நேரம் ஆகிறது. அற்புதம் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் கடந்தபோது ஒருத்தியும் தலை நிமிரவில்லை.

"இன்னைக்கு வேகம் ஜாஸ்தியா இருக்குது. அடுத்த பந்தயம் எப்பங்க?" என்றாள் காவேரி, குனிந்தபடியே.

"பையைப் பாரு, காவேரி" என்றாள் அற்புதம், நிற்காமல்.

பின்னால் களைக்கொத்து கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு காவேரியின் குரல், யாரையோ தண்ணீர் காய வைக்க விரட்டியது. அற்புதம் குறுக்குப்பாதையில் திரும்பினாள். இன்று அதுதான் சரியான வழி. பாறையைக் கடந்தாள். அது வந்ததையும் போனதையும் அவள் கவனிக்கவில்லை.

குடிசைக்குள் அந்தப் பெண், வலிக்குப் பிடித்துக்கொள்ள விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அற்புதம் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். இன்னும் நேரம் இருந்தது.

"பயப்படாத கண்ணு, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, வளையலைக் கழற்றி வைத்து, சோப்பைக் கேட்டு வாங்கி, முழங்கை வரை நிதானமாகக் கை கழுவினாள்.